அச்சுக் குறையோ, அம்மா வைத்த பொட்டோ

1

"அட்டை அச்சகத்தை விட்டு வெளியேறுமுன் ஏற்பட்ட குறை உற்பத்திக் குறை எனக் கொள்ளப்படும். அவ்வாறான அட்டைக்குத் தரம் வழங்கப்பட்டு, குறை அதன் பக்கத்தில் குறிக்கப்படும். அச்சகத்தை விட்டு வெளியேறிய பின் மேற்பரப்பில் சேர்ந்த எதுவும் அந்நியப் பொருளாகும். அவ்வாறான அட்டை தரமிடப்படாமல் திருப்பி அனுப்பப்படும்."

இதுதான் விதி. எங்கள் விடயத்தில் இதன் முதற் பாதி பொருந்தியிருக்க வேண்டும். அவர்கள் இரண்டாம் பாதியைப் பொருத்தினார்கள். இந்தக் குறிப்புகள் அதைப் பற்றியவை.

ஊரில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சிறிய அட்டைகளை இந்த நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் சேர்க்கிறார்கள். சேர்த்ததை ஒரு கம்பனிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருவர் பூதக்கண்ணாடி வைத்து, படம் நடுவில் இருக்கிறதா, மூலை மழுங்கியதா, விளிம்பு தேய்ந்ததா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார். பிறகு அதை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி முத்திரையிட்டுத் தருகிறார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் தொட முடியாது.

யாழ்ப்பாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் என் உத்தியோகக் காலம் முழுவதும் கழிந்தது. ஒரு காகிதம் செல்லும், செல்லாது என்று பார்த்தே தலை நரைத்தவன் நான். ஆனாலும் காகிதத்துக்கே நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதற்கு ஒரு கம்பனி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. நான் பிழையான நாட்டில் உத்தியோகம் பார்த்திருக்கிறேன்.

2

எங்களிடம் இருப்பது ஒரே ஓர் அட்டை. ரொபிப் பைக்கற்றுக்குள் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நகரத்தில் ஒரு சிறிய இனிப்புக் கம்பனி இருந்தது. வியாபாரம் மந்தமானபோது யாரோ ஒரு மூளைக்காரர் குடாநாட்டு உதைபந்தாட்டக்காரர்களின் படத்தை அட்டையாக அடித்துப் பைக்கற்றுக்குள் போடலாம் என்று கண்டுபிடித்தார். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று தரம் அச்சில் ஏற்றி, ரொபி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே பளபளவென்று ஒரு பூச்சும் பூசினார்கள். அந்தப் பூச்சை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த வரிசையில் என் தம்பி ரவியும் இருந்தான். சிவப்புப் பெனியன், இடுப்பில் கை, கமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிற பார்வை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். இனிப்பை வாயில் வைக்காத மனுசி, அவனுடைய படம் கிடைக்கும்வரை பைக்கற் பைக்கற்றாக வாங்கி உடைத்தார். நாங்கள் மாதக்கணக்கில் ரொபி தின்றோம்.

"என்னை வாங்கிறதுக்கு அம்மா கடனுக்கு ரொபி எடுக்கிறா. சும்மா வீட்டிலை இருக்கிறன், அதுக்குப் பெறுமதி இல்லை" என்று ரவி சொல்லித் திரிந்தான்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம், வட்டுக்கோட்டையில் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு வாறன் என்று சைக்கிளில் போனான். வரவில்லை. யார் கொண்டுபோனது என்பதற்கு மூன்று கதைகள் உண்டு. மூன்றுக்கும் சாட்சி உண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

பிறகு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கொக்குவில் வீட்டில் கூரையும் இல்லை, படங்கள் வைத்த அலுமாரியும் இல்லை. ரவியின் முகம் உலகத்தில் எங்கேயும் மிஞ்சவில்லை என்றுதான் நானும் அக்காவும் நினைத்திருந்தோம்.

என் உத்தியோகம் என்னவென்று சொன்னேன். ஒரு நாள் உரிய படிவத்தை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைத் தொடவில்லை.

"உன்ரை கந்தோரிலை ஊரிலை உள்ள எல்லாரையும் எழுது. என்ரை பிள்ளையை எழுத விடமாட்டன்."

வருடங்கள் கழித்து, காணாமற் போனோருக்கு இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வேறொரு சான்றிதழ் எடுக்கலாம் என்று சட்டம் வந்தபோது அதையும் விளக்கினேன்.

"காணேல்லை எண்டு எனக்கு ஒரு துண்டு தரப்போறாங்களோ? எனக்குத் தெரியாதோ அது?"

எங்கள் பகுதி விதானையார் வாக்காளர் இடாப்புக்கு வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு வருகிறபோதெல்லாம் அம்மா ரவியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவார். ஆள் எங்கே என்று கேட்டால், "வெளியிலை போட்டான். வருவான்." இது ஒழுங்குவிதிகளுக்கு முரணானது என்று நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

3

இப்போது நான் இருக்கிற கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. பென்சன்காரர்கள் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு காலை முழுவதும் உட்காரலாம். அங்கேதான் பெனடிற்றைச் சந்திப்பேன். குருநகர்க்காரர். அந்தக் காலத்தில் ரவிக்கு எதிர் அணியில் பின்வரிசையில் நின்று விளையாடியவர். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"றெஜிஸ்ரார் அண்ணை, ஆளைத் தெரியுதோ?"

அதே ரொபி அட்டை வரிசை. உள்ளே இளைய பெனடிற். ஆனால் சிவப்பு ஒரு பக்கமும் கறுப்பு ஒரு பக்கமுமாக அச்சு விலகி, முகத்தில் இரண்டு மூக்கு.

"பிறக்கேக்கை ஒரு மூக்குத்தான் அண்ணை. ரொபிக் கொம்பனி ரெண்டாக்கிப் போட்டுது. மகன் இந்த அட்டையை அனுப்பிப் புள்ளி எடுத்தவன். பத்துக்கு ஆறு! பள்ளிக்கூடத்திலை ஒரு பாடத்துக்கும் எனக்கு ஆறு வரேல்லை."

"இரண்டு மூக்குக்கு ஆறா?"

"அச்சகத்தின்ரை பிழையெண்டால் பக்கத்திலை எழுதிப்போட்டு விடுவாங்கள். நான் கோப்பியை ஊத்தியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாங்கள். எங்களுக்கு ஞானோபதேசத்திலை படிப்பிச்ச கதைதான். சென்மப் பாவமோ கருமப் பாவமோ? கூடப் பிறந்ததெண்டால் ஒரு கழுவல், நீயாய்த் தேடினதெண்டால் வேறை விசாரணை."

ரவியின் அட்டை அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதிர் ரீம்காரன்ரை படத்தை ஆர் வைச்சிருப்பான்? அதுவும் ரவியின்ரை! முழங்கையாலை என்ரை மூக்கை உடைச்சவன் உவன்தான். அச்சகம் உண்மையைத்தான் அடிச்சிருக்கு." சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு, பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "நல்ல விளையாட்டுக்காரன் அண்ணை."

4

அம்மா இறந்து அந்தியேட்டி முடிந்த பிறகு, அக்கா அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காக அதன் பொலித்தீன் கவரிலிருந்து உருவினார். பின்னால் ரவி இருந்தான்.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கவர் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சோறு இல்லாமல் ஓடினோம், செருப்பு இல்லாமல் ஓடினோம், அது இல்லாமல் ஓடவில்லை. எத்தனை சோதனைச் சாவடிகளில் அம்மா அதை நீட்டியிருப்பார். முன்பக்கம் அம்மா, முதுகுப்பக்கம் ரவி. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

அக்கா தொலைபேசியில் அழுதார். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அம்மா அவனுக்குப் பொட்டு வைச்சிருக்கிறா."

படத்தை அனுப்பினார். ரவியின் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு சிவப்புப் புள்ளி.

எங்கள் வீடுகளில் படத்துக்குப் பொட்டு வைப்பது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு யாரும் குங்குமம் வைப்பதில்லை. அந்தப் புள்ளி அம்மாவின் விரலால் வந்ததென்றால், படிவத்தையும் என்னையும் வாசலில் நிறுத்திவைத்த அம்மா, ஏதோ ஒரு நாளில் யாருக்கும் சொல்லாமல் அவனை விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"அம்மாவே வைச்சிட்டா. இனி நாங்கள் ஆர் மறிக்க? ஐயரிட்டை நாள் கேட்டுக் கீரிமலையிலை அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம். படத்தை அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலை கொழுவுவம். எனக்கும் வயது போகுது."

"அக்கா, பொட்டெண்டால் நடுநெற்றியிலை இருக்கும். இது விலகி இருக்கு. சிவப்பு மை தெறிச்சிருக்கு."

"அம்மாவுக்குக் கடைசிக் காலத்திலை கை நடுங்கினது உனக்கெங்கை தெரியும்? நீ அங்கை பனியிலை இருந்தனி."



அட்டை புதிதாக வந்தபோது அந்தப் புள்ளி இருந்ததா? அக்காவுக்கு நிச்சயமாகத் தெரியும், இருக்கவில்லை. எனக்கும் நிச்சயமாகத் தெரியும், இருந்தது. ஆனால் எத்தனையோ சாட்சிகளை நேரில் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவருடைய வாக்குமூலத்தையும் நான் ஏற்றிருக்க மாட்டேன்.

5

பண்டத்தரிப்பிலிருந்து இங்கே வந்த ஓர் உறவினர், ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் அட்டையைக் கொண்டுவந்து சேர்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை.

நனைத்த பஞ்சால் ஒரு தரம் தொட்டால் போதும். குங்குமமென்றால் பஞ்சு சிவக்கும், மையென்றால் சிவக்காது. மேசையில் பஞ்சும் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டு நான் இருந்தேன். பஞ்சு சிவந்தால்? விடை கிடைத்துவிடும், அம்மா வைத்த பொட்டு அழிந்துவிடும். தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

மகள் நிலானி பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதில் தாயுடன் இங்கே வந்தவள். நான் பென்சன் எடுத்த பிறகுதான் வந்தேன். அதனால் அவளுடைய தமிழுக்கு இன்னும் எட்டு வயதுதான். வங்கி ஒன்றில் வேலை, மற்ற நேரம் ஐஸ் ஹொக்கி அட்டை சேர்ப்பு. கலியாணத்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றி என்னோடு கதைப்பாள்.

"அப்பா, அந்தக் கம்பனிக்கு அனுப்புவம். அவங்களிட்டை மெஷின் இருக்கு. புள்ளி பூச்சுக்கு மேலையா கீழையா எண்டு பாப்பாங்கள். கீழை எண்டால் அச்சகம் செய்தது. மேலை எண்டால் அப்பம்மா."

இத்தனை தெளிவாக என் இலாகாவில் யாரும் ஒரு பிரச்சினையைச் சுருக்கியதில்லை. பிறகு கேட்டாள்:

"ரவிக் குஞ்சியப்பா முடிஞ்சிட்டாரா எண்டு இதிலை தெரியுமா?"

"மனிசர் முடியிறேல்லைப் பிள்ளை. வேலைதான் முடியிறது."

"சொறி. அப்ப என்ன சொல்லிறது?"



பெனடிற்றின் மகன் முன்பே அந்த வரிசையைப் பதிந்திருந்ததால் ரொபி அட்டை என்றதும் கம்பனி முகம் சுளிக்கவில்லை. அனுப்பினோம். குறித்த காலம் முடிந்து, குறிக்காத காலமும் கொஞ்சம் போன பிறகு அட்டை திரும்பி வந்தது. பத்துக்கு இத்தனை என்ற தரம் இல்லை. ஒரு துண்டு மட்டும்: மேற்பரப்பில் அந்நியப் பொருள், தரமிடப்படவில்லை, விரும்பினால் அதை அகற்றிவிட்டு மீண்டும் சமர்ப்பிக்கலாம்.

அகற்றிவிட்டு. அவர்களுடைய கைநூலின் வேறொரு பந்தியில், அட்டையைச் சுத்தம் செய்வது அதைத் திரிபுபடுத்துவதாகும் என்று இருக்கிறது. ஒரே நூலில் ஒரு கையால் தடுத்து மறு கையால் அழைக்கிற இந்தக் கலை எனக்குப் பழக்கமானதுதான். சொந்த வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

அக்காவுக்குச் சொன்னபோது அவர் குரலில் எத்தனையோ வருடங்களாக நான் கேட்காத ஓர் இளக்கம்.

"பாத்தியே! வெள்ளைக்காரனே சொல்லிப்போட்டான். அம்மாவுக்கு மனம் ஆறியிருக்குத் தம்பி. ஆறித்தான் போயிருக்கிறா."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் துண்டில் மெஷினால் பார்த்ததாக எழுதியிருக்கவில்லை. பரிசோதனை செய்யாமல் எழுதிய தீர்மானம் செல்லாது. நான் மேன்முறையீடு எழுதினேன். "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்" என்ற தோரணையில் ஆங்கிலத்தில் மூன்று பக்கம். நிலானி அதை வாசித்துவிட்டு மூன்று வரியாக்கினாள்: புள்ளி பூச்சுக்குக் கீழே இருக்கலாம், சுத்தம் செய்ய மாட்டோம், தயவுசெய்து மெஷினில் பாருங்கள். அட்டையையும் சேர்த்து அனுப்பினோம்.

6

பனிக்காலம் முழுவதும் பதில் இல்லை. கட்டடத்து வாசலில் தபால் பெட்டியைத் திறந்து மூடுவதுதான் உத்தியோகம். கடைவீதி விளம்பரங்களும், பல் வைத்தியர் ஒருவரின் வாழ்த்தும் தவறாமல் வந்தன.

அக்கா சும்மா இருக்கவில்லை. தொலைபேசியில் எடுத்த படத்தை நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கக் கேட்டிருக்கிறார். அவர்கள் அழகாகச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நெற்றி வழுவழுவென்று இருந்தது.

"பொட்டு எங்கை தம்பி எண்டு கேட்டன். 'அம்மா, அது ஏதோ அழுக்கு, துடைச்சு விட்டனான், அதுக்குக் காசு எடுக்கேல்லை' எண்டு பெரிய உபகாரம் செய்த மாதிரிச் சொல்றான். திருப்பிப் போடு எண்டன். போட்டான். எங்கை போட்டவன் தெரியுமே? நடுநெற்றியிலை!"

"அப்ப அது இப்ப திரிபுபடுத்தின ஆவணம் அக்கா."

"உன்ரை ஆவணத்தைக் கொண்டுபோய் உலையிலை போடு. மூன்றாம் முறை போய்ச் சரியான இடத்திலை போடுவிச்சனான்."

பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. கொக்குவில் வீட்டுக்குப் பின்பக்கத்தால்தான் தண்டவாளம். சின்ன வயதில் அந்தச் சத்தம் வந்தால் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். ரவி மட்டும் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே இருப்பான், வாய் அசைவது மட்டும் தெரியும். இப்போதும் நானும் அக்காவும் அப்படியே நிறுத்தினோம். இங்கே என் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரயில் போய் முடிந்தது.

"சித்திராப் பௌர்ணமி வருகுது" என்றார் அக்கா. அம்மா இல்லாதவர்கள் அம்மாவுக்காக விரதம் இருக்கிற நாள். "அதுமட்டும் பாப்பன். உன்ரை கம்பனிக்காரன் அதுக்குள்ளை ஒண்டும் சொல்லாட்டில், அண்டைக்குப் படத்தைக் கொழுவி மாலை போடுவன். பிறகு ஐயரிட்டைப் போவன்."

நியாயமான தவணை. நானே வழங்கியிருப்பேன்.

7

பௌர்ணமியன்று இங்கே நானும் விரதம் இருந்தேன். மரக்கறி வாங்கப் போன இடத்தில் வாழையிலை உறைந்த நிலையில் பெட்டிக்குள் கிடைத்தது. அதை வெந்நீரில் இளக வைத்து, சோறு படைத்து, அம்மாவின் பெயரைச் சொன்னேன். நிலானி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை, நின்றால் போதும் என்றேன்.

பதில் வரவில்லை. கொக்குவிலில் படம் சுவரில் ஏறியது. மல்லிகை மாலையோடு அக்கா படம் எடுத்து அனுப்பினார். அப்பா, அம்மா, ரவி. வரிசை சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அதை அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் பதில் வந்தது. மின்னஞ்சலை நிலானி தன் தொலைபேசித் திரையில் வாசித்து, தன்னுடைய தமிழில் எனக்குச் சொன்னாள். திரும்பவும் பார்த்தார்களாம். சிவப்புப் புள்ளி பூச்சுக்குக் கீழே இருக்கிறதாம். பெனியனில் உள்ள அதே மை. அந்நியப் பொருள் என்ற முன்னைய தீர்மானம் நீக்கப்படுகிறது. உற்பத்திக் குறை. மழுங்கிய மூலைகளுக்காகவும் தேய்ந்த விளிம்புகளுக்காகவும் தரம் மூன்று.

மூலை எங்கே மழுங்கியது என்று எனக்குத் தெரியும். அதற்கு அவர்கள் புள்ளி குறைத்தது விதிப்படி சரி.

"அப்பா, நாங்கள் வெண்டிட்டம்" என்றாள் நிலானி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையா?" என்றாள்.

அக்காவை அழைத்தேன்.

"அக்கா, பதில் வந்திட்டுது."

"சொல்லு."

"பூச்சுக்குக் கீழையாம். அச்சுக் குறையாம்."

ரயில் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் அது போய் முடியும்வரை இருப்பதுபோல இருந்தோம்.

"அப்ப அம்மா வைக்கேல்லை."

"வைக்கேல்லை."

"கடைசி மட்டும் பாத்துக்கொண்டுதான் போனவ."

மேன்முறையீட்டில் நான் வென்றிருந்தேன். என் உத்தியோகக் காலத்தில் இத்தனை சுத்தமாக ஒரு வழக்கு எனக்குச் சாதகமாக முடிந்ததில்லை. தோற்றிருந்தால் நல்லது என்று அந்த நேரம் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

"நான் அவவுக்கு மனம் ஆறிப்போச்சு எண்டு நினைச்சனான் தம்பி."

"ஓம் அக்கா."

"சரி. கதிரையை வைச்சு ஏறி நானே கழட்டிறன்."

"விழுந்துபோடாதை. ஆரையும் கூப்பிடு."

"கொழுவினவளுக்குக் கழட்டத் தெரியாதோ?" கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. சட்டம் சுவரில் உரசிய சத்தமும். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "மாலையை அம்மாவுக்குப் போட்டிட்டன். கேள், இந்தக் கிழமை விதானையார் இடாப்புக்கு வாறாராம். அம்மா போனாப்பிறகு நான் அவன்ரை பேரைச் சொல்லேல்லை. இந்த முறை சொல்லப்போறன். இப்ப அவனுக்கு என்ன வயது வரும்?"

இது ஒழுங்குவிதிகளுக்கு முரணானது. எந்த விதி, எந்தப் பந்தி என்றும் எனக்குத் தெரியும்.

கூட்டிப் பார்த்து வயதைச் சொன்னேன்.

பதிவுக் கோவைக்காக: கம்பனியின் பதில் கிடைத்த திகதி, சித்திராப் பௌர்ணமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.